சாப்பிட்ட பிறகுதான் சொல்வோம்

எங்கள் உதவித்தொகைத் திட்டத்தில் வழிகாட்டிகளுக்கென்று சில விதிகள் உண்டு. அவற்றில் நான் அப்பழுக்கில்லாமல் கடைப்பிடித்த விதி, மாணவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது. தண்ணீர் குடிக்கலாம். டீ, கலர் சோடா, முறுக்கு, திருவிழா மிக்சர் எதுவும் கூடாது. மற்ற விதிகளில் நான் முன்னே பின்னே இருந்திருக்கிறேன். போன் செய்ய மறந்திருக்கிறேன், கூட்டத்துக்குப் பிந்திப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் என்னை ஒருவர் குறை சொல்லிவிட முடியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

விதி நல்ல எண்ணத்தில் வந்ததுதான். திட்டம் தொடங்கிய புதிதில் ஒரு வழிகாட்டி தன் மாணவனின் வீட்டைப் பார்க்கப் போயிருக்கிறார். பெரிய மனிதர் வருகிறார் என்று அந்த வீட்டில் வளர்த்த கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். முட்டையிட்டுக் கொண்டிருந்த கோழி. அவரும் விவரம் தெரியாமல் ருசித்துச் சாப்பிட்டு, கூட்டத்தில் வந்து அந்தக் குழம்பைப் புகழ்ந்து பேசினார். அன்றே விதி போட்டாயிற்று. கை தூக்கி ஆதரித்தவர்களில் நானும் உண்டு.

திட்டம் பெரிய சிக்கலானது ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் பிறந்து வெளியூரில் நன்றாக இருப்பவர்களும், ஊரிலேயே வியாபாரம் பார்ப்பவர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். உள்ளூரில் பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தால் கட்டணத்தைத் திட்டம் பார்த்துக்கொள்ளும். முதலில் கட்டணம் மட்டும்தான் கட்டினார்கள். பிள்ளைகள் பாதியிலேயே காணாமல் போனார்கள். ஏன் போனார்கள் என்று கேட்க ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழிகாட்டி என்று ஏற்பாடு செய்தார்கள். வாரம் ஒரு முறை போனில் பேச வேண்டும், அவ்வப்போது நேரில் பார்க்க வேண்டும், பிள்ளைக்கு ஒரு கஷ்டம் என்றால் அது முற்றும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவுதான் வேலை.

எங்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து ஓர் இளம்பெண் வந்து, பள்ளிக்கூட ஹாலில் திரை கட்டிப் படம் போட்டு விளக்கினாள். ஆம், இல்லை என்று பதில் வருகிற மாதிரிக் கேள்வி கேட்கக் கூடாதாம். "இந்த வாரம் உன்னைச் சந்தோஷப்படுத்தியது எது?" என்று கேட்க வேண்டுமாம். எனக்குப் பக்கத்தில் இருந்த இரும்புக்கடை அண்ணாச்சி, "எம் பொண்டாட்டிட்டயே நான் அப்படிக் கேட்டது இல்லையே" என்றார். மக்ரூன் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்து எங்களை அனுப்பி வைத்தார்கள்.

எனக்கு ஒதுக்கப்பட்டவள், எங்கள் ஊரின் கடலோரப் பகுதியான திரேஸ்புரத்துப் பெண். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, பி.காம். சேர்ந்திருந்தாள். அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை. அம்மா நண்டு கம்பெனியில் ஓடு உடைத்துச் சதை எடுக்கிற வேலை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். முதல் சந்திப்பில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான் கேட்டதற்கெல்லாம் "சரி மேடம்" என்றாள். என்னை அக்கா என்று கூப்பிடச் சொன்னேன். அதற்கும் "சரி மேடம்" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பேச்சு. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். சரக்குக் கப்பலுக்கும் கஸ்டம்ஸுக்கும் நடுவில் கிடந்து இழுபடுகிற வேலை. வாரம் முழுவதும் கத்திக் கத்தித் தொண்டை போயிருக்கும். அந்தப் பெண்ணின் குரலைக் கேட்பது எனக்கு ஓய்வு மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கேன் மேடம். காலேஜ் நல்லாப் போவுது. எல்லாம் புரியுது. நீங்க உடம்பப் பாத்துக்கோங்க."

சொல்லி முடிக்கிற இடத்தில் குரல் லேசாக மேலே ஏறும். சிரித்த முகத்தோடு பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். சந்தோஷப்படுத்தியது எது என்ற கேள்வியையும் ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். "எல்லாமே சந்தோஷந்தான் மேடம்" என்றாள். மாதக் கூட்டத்தில் மற்ற வழிகாட்டிகள் எல்லாம் ஒப்பாரி வைப்பார்கள். ஒருத்தருடைய மாணவன் போனையே எடுப்பதில்லை, இன்னொருத்தருடைய மாணவி பேச ஆரம்பித்தாலே அழுகிறாள். நான் எழுந்து, "என் பிள்ளையால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை" என்று சொல்லி உட்காருவேன். சொல்லும்போது முகத்தில் எவ்வளவு பெருமை வழிந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மழைக்காலம் தொடங்கியிருந்த சமயம், திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் என்னை அழைத்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சாயர்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னார். "உங்க பொண்ணு வகுப்புக்கே போறது இல்லயாம்மா. காலேஜ்ல இருந்து சொல்லுதாங்க. வருகை குறைஞ்சா பரீட்சை எழுத விட மாட்டாங்க."

"இருக்காது அண்ணாச்சி. வேற யாரையோ சொல்லுதாங்க" என்றேன்.

"பேரு, வகுப்பு எல்லாம் சரியாத்தான் இருக்கு. பரீட்சைல பெயிலானாக்கூடப் பரவாயில்ல, திரும்ப எழுத வைக்கலாம். வகுப்புக்கே போகாத பிள்ளைக்கு உதவிய நிறுத்தத்தான் செய்யணும், அது விதி. என்னன்னு கேட்டுச் சொல்லுங்க. நீங்கதான் அடிக்கடி பேசுதீங்களே."

கடைசி வாக்கியத்தை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கு அது வராது. ஆனாலும் குத்தியது. போனை வைத்தபோது எனக்கு வந்தது கவலை என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் தேன் ஒழுகப் பேசி என்னை ஏமாற்றியிருக்கிறாளே, எவ்வளவு அழுத்தம் என்று பல்லைக் கடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு திரேஸ்புரம் போனேன். இரண்டு கேள்வி கேட்டு உண்டா இல்லையா என்று தெரிந்துகொண்டு வருவது என்ற முடிவோடுதான் போனேன். வீடு ஒரே அறையும் ஒட்டினாற்போல் சமைக்க ஒரு குசினியும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விரிசல் விழுந்து, அதற்கு நேர் கீழே மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் சட்டி வைத்திருந்தார்கள். அம்மாவின் இடது கைவிரல்களில் துணிக்கட்டு. நண்டு ஓடு கிழித்துவிட்டது என்றார். நான் வந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா வந்துருக்காக. ஏளா, ஓடிப் போயி கலர் வாங்கிட்டு வா."

"கலர் வேண்டாம், தண்ணி போதும். நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றேன், எப்போதும் சொல்வதுபோல. அம்மாவின் முகம் லேசாக வாடியது. வாடினால் வாடட்டும், விதி விதிதான்.

பெண்ணைப் பார்த்துக் கேட்டேன். "காலேஜ் எப்படிப் போகுது?"

"நல்லாப் போவுது மேடம்."

"வகுப்புக்கெல்லாம் போறியா?"

"போறேன் மேடம். எல்லாம் புரியுது."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அம்மாவின் முன்னாலேயே போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது. மாலத்தீவின் மாலேயிலிருந்து அப்பா. சரக்கு இறக்க இடம் கிடைக்காமல் தோணி அங்கேயே காத்துக் கிடக்கிறதாம்.

அம்மா கட்டுப் போட்ட கையாலேயே போனைப் பிடித்துக்கொண்டு பேசினார். "ஆங், நல்லா இருக்கோம். மழையா? இங்கன என்னத்த மழை, ரெண்டு தூத்தல்தான். வீடெல்லாம் நல்லாருக்கு. கையா? கைக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுங்க." சொல்லிக்கொண்டே காலால் அந்தச் சட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தார். போனில் யாருக்குச் சட்டி தெரியப்போகிறது! பிறகு போனை மகளிடம் கொடுத்தார்.

"நல்லா இருக்கேன்ப்பா. காலேஜ் நல்லாப் போவுது. எல்லாம் புரியுது. நீங்க உடம்பப் பாத்துக்கோங்க."

கடைசியில் குரல் லேசாக மேலே ஏறியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமைதோறும் நான் கேட்ட அதே வார்த்தைகள், அதே வரிசை, அதே ஏற்றம். முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. அவள் கண் அந்தச் சட்டியின் மேல் இருந்தது.

இது ஏன் என்னை அப்படி உலுக்கியது என்று புரிய, எங்கள் வீடுகளின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பலுக்கும் தோணிக்கும் ஆள் போகிற வீடுகளில், கடலில் இருக்கிறவருக்குக் கெட்ட செய்தி சொல்ல மாட்டோம். தெரிந்து அவர் என்ன செய்ய முடியும்? நீந்தியா வர முடியும்? மனசு இங்கே இருந்தால் அங்கே கை தவறும். அதனால் எல்லாம் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வோம். அவர் ஊர் வந்து, குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, கை கழுவிய பிறகுதான் விஷயத்தை எடுப்போம். வெறும் வயிற்றில் கெட்ட செய்தி இறங்கக் கூடாது. யாரும் சொல்லிக் கொடுத்துப் படித்தது இல்லை, பேச்சு வரும்போதே இதுவும் வந்துவிடும்.

என் அப்பாவும் கப்பல்காரர். அவர் கடலில் இருந்தபோது என் தம்பி மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். 'தம்பி மிகவும் சமர்த்தாக இருக்கிறான், ஓடியாடுவதே இல்லை' என்று அம்மா கடிதம் எழுதினாள். அப்பா ஊருக்கு வந்த அன்று அம்மா பெட்டியை வாங்குவதற்கு முன்னால் இலையைப் போட்டாள். அப்பா இலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "எதுக்கு இப்படி அவசரப்படுத்துத? யாருக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டு சாப்பிட உட்காரவே மறுத்துவிட்டார். எங்கள் ஊரில் கடலுக்குப் போய் வந்த ஆம்பளைகளுக்கு, பெண்டாட்டி அன்பாகச் சோறு போட்டாலே சந்தேகம் வந்துவிடும்.

நானும் வாழ்க்கைப்பட்டது கப்பல்காரருக்குத்தான். கணவர் கப்பலில் இன்ஜினியர். இப்போது வீடியோவிலேயே முகம் பார்க்கலாம் என்று வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை, திறமைதான் கூடியிருக்கிறது. மகள் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெளியே வராண்டாவில் ஒரு செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் டியூஷனுக்குப் போயிருக்கிறாள் என்று சிரித்தபடி பேசினேன். அப்போது என் குரலும் கடைசியில் மேலே ஏறியிருக்கும்.

ஆக, இந்தப் பொய்யை அதன் வாசனையிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டியவள் நான். ஏன் கண்டுபிடிக்கவில்லை? எப்போதும் நான் மறைக்கிற பக்கத்திலேயே இருந்தவள். என்னிடமிருந்து ஒருத்தி மறைப்பாள், என்னையும் ஒருத்தி கடலில் இருப்பவளாக நினைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் இருந்தது ஆட்டோவில் கால் மணி நேரத் தூரத்தில். ஆனால் அவளுக்கு நான் போனில் வருகிற ஆள், நல்லவள், தூரத்தில் இருப்பவள், கவலைப்பட வைக்கக் கூடாதவள். நேரில் வந்தாலும் நான் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டது கிடையாது. சாப்பிடாதவளிடம் எப்படிச் சொல்வாள்?

கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பாவம், இந்தப் பிள்ளை இத்தனை மாதம் என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சோறு ஆக்கியாச்சா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அவர் திகைத்துப்போனார். "சாப்பிட்டேன்னு சொன்னீகளே அக்கா."

"பொய் சொன்னேன். பசிக்குது."

அதற்குப் பிறகு அந்த அம்மாள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. நல்ல கறி ஒன்றும் வைக்கவில்லையே, சாளைக் குழம்புதானே இருக்கிறது, முன்னமே சொல்லியிருந்தால் சீலா மீன் வாங்கியிருப்பேனே என்று புலம்பிக்கொண்டே குசினிக்கும் அறைக்கும் நடந்தார். முட்டை பொரித்தார். அப்பளம் சுட்டார். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு முட்டி மடங்காமல் கொஞ்ச நாளாகிறது. பெண் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். சாளைக் குழம்பு அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன். அந்த நேரத்தில் ஒருங்கிணைப்பாளர் அண்ணாச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

கை கழுவி வந்து சுவரில் சாய்ந்தேன். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா தட்டை எடுத்தபடியே, மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"இப்பச் சொல்லு ஏளா. அக்காதான் சாப்பிட்டாச்சுல்லா."

பெண் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்குத் தெரியுமாம்மா?"

"என்ன விஷயம்னு தெரியாது. என்னமோ இருக்குன்னு தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? நீயாச் சொல்லுவன்னு இருந்தேன். எங்கிட்டச் சொல்லி நான் என்ன செய்யப் போறேன்? எனக்குப் பள்ளிக்கூடமே தெரியாதே."

அதற்கு மேல் தாங்காமல் பெண் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் சொன்னாள். வகுப்பில் எல்லாமே இங்கிலீஷ். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பாடத்திலும் முன்னால் நின்றவளுக்கு, இங்கே பாடம் நடத்துகிறவர் எப்போது ஒரு விஷயத்தை முடித்து அடுத்ததற்குப் போகிறார் என்றுகூடப் பிடிபடவில்லை. ஒரு நாள் புத்தகத்தை வாசிக்கச் சொல்லி எழுப்பியிருக்கிறார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். "சார் ஏசல மேடம். பரவால்லம்மா, நீ உக்காருன்னு சொல்லிட்டு அடுத்த பிள்ளைய எழுப்பிட்டாரு. ஏசிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்."

மறுநாள் அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் போகாமல் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு இன்னொரு வகுப்பு. அப்படியே ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் காலையில் நேராக நூலகத்துக்குப் போய் சாயங்காலம் வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டாள். நூலகர் இவளைப் பெரிய படிப்பாளி என்று நினைத்துக்கொண்டு மற்ற மாணவிகளிடம் உதாரணம் காட்டுகிறாராம். இதைச் சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது.

"பணம் கட்டிப் படிக்க வைக்குதீங்க. ஒங்ககிட்டப் போயி எனக்கு ஒண்ணும் புரியலன்னு எப்படிச் சொல்லுதது? ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்லா, பெரியம்மா."

அம்மாவுக்கு நான் அக்கா என்றால் மகளுக்குப் பெரியம்மாதானே, கணக்கு சரிதான். ஆனால் அந்த வாரம்தான் தலைக்கு மை போட்டிருந்தேன். சுருக்கென்றது. அடுத்த நொடியே மனசு நிறைந்தும் போனது.

மறுநாள் காலையில் நானும் அவளும் கல்லூரிக்குப் போனோம். துறைத் தலைவி கண்டிப்பான பெண்மணி. முதலில் எங்கள் இருவரையும் சேர்த்தே வறுத்தார். என்னைப் பார்த்து, "நீங்கதான் பொறுப்புன்னு சொன்னாங்க, இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க?" என்றார். கடலில் இருந்தேன் என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். வறுத்து முடித்த பிறகு, இன்றிலிருந்து ஒரு வகுப்புகூட விடாமல் வந்தால் தேர்வெழுத விடுவதாகச் சொன்னார். தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் அந்த வகுப்பில் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களும் இதே அவஸ்தையில்தான் இருக்கிறார்கள் என்றும் அவர்தான் சொன்னார். எல்லாரும் ஒருத்திக்கொருத்தி எல்லாம் புரிகிறது என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து படிக்க அவர்களுக்கு ஒரு வகுப்பறையை அவர் திறந்து விட்டார். எனக்கு வணிகவியல் தெரியாது. என் பங்குக்கு அவ்வப்போது சுண்டல் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, விதியை மீறினேன் என்று சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். இனிமேல் வழிகாட்டிகள் மாணவர் வீட்டில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றேன். பெரிய ரகளையாகிவிட்டது. அந்தக் கோழியை மறந்துவிட்டீர்களா என்று ஒருத்தர் சத்தம் போட்டார். "கோழியைச் சாப்பிட்டவரிடம் அந்தப் பையன் என்ன சொன்னான், அதைக் கேட்டீர்களா?" என்று நானும் சத்தம் போட்டேன். எல்லாரும் அந்த வழிகாட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தயங்கித் தயங்கி, "உண்மைதான். அன்னைக்கு அவன் நிறைய மனசு விட்டுப் பேசினான்" என்றார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு, கறியோ மீனோ வழிகாட்டி வாங்கிப் போவது, சமையல் அவர்கள் வீட்டில் என்று முடிவானது. இப்போது இரும்புக்கடை அண்ணாச்சி, தனக்கு மேலும் இரண்டு பிள்ளைகளை ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்கிறார். சேவை மனப்பான்மையா சாப்பாட்டு ஆசையா என்று அவருடைய மனைவிக்கே சந்தேகம்.

இந்த உற்சாகத்தில் என் வீட்டிலும் ஒரு மாற்றம் கொண்டு வரலாம் என்று பார்த்தேன். கணவர் கப்பலிலிருந்து பேசியபோது, தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதை உள்ளபடி சொன்னேன். அவர் பதறிவிட்டார்.

"மோட்டார் எரிஞ்சதையே நீ சொல்லுதன்னா, வேற என்னமோ பெருசா நடந்துருக்கு. பிள்ளைய எங்க? பிள்ளையக் காட்டு."

மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்ட வேண்டியதாயிற்று. அப்படியும் அவர் சமாதானமாகவில்லை. என் தங்கைக்கு போன் போட்டு விசாரித்திருக்கிறார்.

திரேஸ்புரத்துப் பெண் அதன் பிறகு ஒரு வகுப்பையும் விடவில்லை. தேர்வும் எழுதினாள். கிறிஸ்துமஸுக்கு அவள் அப்பா ஊர் வந்தபோது, அவர் சாப்பிட்டு முடித்த பிறகு எல்லாவற்றையும் சொன்னாளாம். அவர் நிமிர்ந்து பார்த்து, கூரை எப்போதிலிருந்து ஒழுகுகிறது என்று மனைவியைக் கேட்டாராம். பண்டிகை முடிந்ததும் மறுபடி தோணி ஏறிவிட்டார்.

சனிக்கிழமைப் பேச்சு தொடர்ந்தது. அதில் எனக்கு உள்ளூரப் பயம் இருந்துகொண்டே இருந்தது. நேரில் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னவள், போனில் மறுபடி பழையபடி ஆகிவிடுவாளோ என்று ஒவ்வொரு வாரமும் அவள் குரல் கடைசியில் ஏறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். தேர்வு நன்றாக எழுதினாயா என்று கேட்டபோது, "எழுதிருக்கேன் பெரியம்மா" என்றாள். ஏறியதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முடிவு சரியாக வராவிட்டால் இவள் மறுபடி ஒளிந்துகொள்வாள், இந்த முறை நூலகத்தோடு நிற்காது, படிப்பையே விட்டுவிடுவாள் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

முடிவு வந்த அன்று எனக்கு ஆபீசில் மூச்சு விட நேரமில்லை. ஒரு கன்டெய்னர் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. மத்தியானச் சாப்பாட்டு டப்பா மேசையில் மூடியபடியே இருந்தது. போன் அடித்தது. அவள்தான்.

"பெரியம்மா, சாப்பிட்டாச்சா?"

வாழ்நாள் எல்லாம் நான் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒருத்தி கேட்பது இதுதான் முதல் தடவை. டப்பாவைப் பார்த்தேன்.

"சாப்பிட்டாச்சு. சொல்லு."

"ரெண்டு பேப்பர் போச்சு பெரியம்மா."

குரல் மேலே ஏறவில்லை. அங்கேயே உடைந்தது. அவள் அழுதாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் கண் கலங்கியது. வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சந்தோஷம்தான் கூடுதலாக இருந்தது. இரண்டு பாடத்தையும் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம், நாளைக்கு வகுப்புக்குப் போக வேண்டும், அதை மட்டும் விடக் கூடாது என்றேன். போவேன் என்றாள். கடல் தாண்டி இருக்கிற அப்பாவுக்கு இதை யார் சொல்வது, எப்போது சொல்வது என்று எனக்குக் கவலை வந்தது.

"அப்பா வந்த பிறகு சொல்லிக்கலாமா?" என்று கேட்டேன்.

"இப்பதான் மாலேக்குப் பேசினேன் பெரியம்மா. போன்லயே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "'நான் இன்னும் சாப்பிடவே இல்லையே ஏளா'ன்னாங்க."

சொல்லிவிட்டு, அழுகைக்கு நடுவிலேயே அவள் சிரித்துவிட்டாள். நான் டப்பாவைத் திறந்தேன்.